பாறுகளுக்காக ஒரு விண்ணப்பம்

குறிப்பிட்ட ஒரு பணியைக் குறிப்பிட்ட காலத்திற்குள் கணக்குக் காட்டிச் செய்து முடிப்பதாக ஒப்புக்கொள்ளும் அமைப்புக்கு, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டுடன் வழங்கப்படும் பணம் நிதிநல்கை எனப்படுகிறது. கடனைப் போல அதற்கு வட்டி கிடையாது. ஆனால், உண்டியலில் இடும் காணிக்கையைப் போலக் கொடுத்தவர் அதை மறந்துவிடுவதும் கிடையாது. காடு, புல்வெளி, ஏரி, கடற்கரை ஆகியவற்றையும் அவற்றை நம்பி வாழும் உயிரினங்களையும் காக்க ஊரளவில் இயங்கும் சிறு அமைப்புகள், அதாவது நான்கைந்து முழுநேரப் பணியாளர்களும் சில தன்னார்வலர்களும் ஒரு வாடகை அறையும் மட்டுமே கொண்ட அமைப்புகள், தங்கள் பணியைத் தொடர்வதற்கு இத்தகைய நல்கையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஒரு காடு மீள்வதற்கு இருபது முப்பது ஆண்டுகள் தேவைப்பட, நல்கையோ பெரும்பாலும் ஓராண்டிலோ ஈராண்டிலோ முடிந்துவிடுகிறது என்பதால், இவற்றின் பொறுப்பாளர்கள் திரும்பத் திரும்பக் களத்தை விட்டு மேசைக்கு வந்து விண்ணப்பம் எழுத நேர்கிறது.

நயமாக எழுதத் தெரிந்தவர்களுக்கே பணம் கிடைக்கிறது என்ற எண்ணம் இந்த வட்டாரங்களில் பரவலாக உள்ளது. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், விண்ணப்பத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அதை எழுதத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, களக் குறிப்பேட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் முடிவாகிவிடுகிறது. ஆனைமலைத் தொடரில் வால்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் யானைகளுக்கும் மனிதர்களுக்கும் இடையே நேரும் மோதலைக் குறைத்ததற்காக, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த எம். ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டு பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. அது பாராட்டுப் பத்திரத்தோடு நின்றுவிடாமல், தொடர்ந்து செய்ய வேண்டிய பணிக்கான நிதியையும் சேர்த்து வழங்கும் விருது. யானைகள் எங்கே நிற்கின்றன என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் அறிவிப்பு, கைப்பேசியால் எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகள் ஆகியவற்றின் வழியே மக்களுக்கு முன்கூட்டித் தெரிவிப்பதே அங்கு செய்யப்பட்ட ஏற்பாடு. கேட்பதற்கு எளிமையானதாகத் தோன்றினாலும், உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை நிற்பது தெரியாமல் மனிதர் அதன் எதிரே சென்றுவிட்டதால் நேர்ந்தவை என்ற அறிதல், பல ஆண்டுகள் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து எழுதிவைத்த பதிவுகளிலிருந்து பிறந்தது. அந்தப் பதிவுகள் இல்லாதிருந்தால், எவ்வளவு தேர்ந்த எழுத்தாளராலும் அந்தத் திட்டத்தை எழுதியிருக்க முடியாது.

பணம் பெறுவதற்கு முதலில் சட்டத்தின் கண்ணில் ஓர் உருவம் வேண்டும். தமிழ்நாட்டில் அது மூன்று வழிகளில் அமைகிறது: பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யப்படும் அறக்கட்டளை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ்ப் பதிவுபெறும் சங்கம், கம்பெனிகள் சட்டம், 2013இன் 8ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கமின்றித் தொடங்கப்படும் நிறுவனம். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், அமைப்பின் வருமானத்திற்கு வரிவிலக்குத் தரும் வருமானவரித் துறைப் பதிவும், நன்கொடை அளிப்பவருக்கு வரிச்சலுகை தரும் அத்துறையின் ஒப்புதலும், நிரந்தரக் கணக்கு எண்ணும், ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இல்லாமல் பெரும்பாலான கொடையாளர் நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆர்வத்தால் ஒன்றுசேர்ந்து ஏரியைத் தூர்வாரிய இளைஞர் குழு, மூன்றாண்டுகள் கழித்து நல்கை கேட்கும்போதுதான் முந்தைய செலவுகளுக்கு இரசீது வைத்திருக்க வேண்டும் என்பதை உணர்கிறது; செய்த வேலை ஊருக்கே தெரிந்திருந்தும், தாளில் அது நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னொரு கதவையும் கடக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம், 2010, வழக்கில் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படுவது, மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்த அமைப்பும் வெளிநாட்டு நன்கொடையைப் பெறுவதைத் தடைசெய்கிறது. பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும் என்பதோடு, கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் அடிப்படைப் பணிகளுக்காக 15 இலட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும் என்றும் 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. அந்த அளவை எட்டாத அமைப்புக்கு, குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட பணிக்கு மட்டும் பெறும் முன் அனுமதி என்ற வழி உண்டு. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கிலேயே முதலில் வந்து சேர வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்யப்பட வேண்டும்.

சிறு அமைப்புகளை மிகுதியும் பாதித்தது, அதே 2020இல் வந்த சட்டத் திருத்தத்தின் வேறொரு பகுதி. அதற்கு முன்பு, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதே பதிவுடைய சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலையின் கிழக்குப் பகுதி போன்ற உயிர்வளம் செறிந்த நிலப்பரப்புகளில், பெரிய ஆய்வு நிறுவனங்கள் இத்தகைய இணைப்புப் பாலங்களாக இருந்தன. விண்ணப்பம் எழுதவும் கணக்கு வைக்கவும் சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவையும் அவையே. திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடுத்துவிட்டது. வெளிநாட்டுப் பணம் எங்கே போகிறது என்று அறிய அரசுக்கு உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், முறையாகக் கணக்குக் காட்டிவந்த சிறு அமைப்புகளும் ஒரே வீச்சில் துணையிழந்து நின்றது இயற்கைப் பாதுகாப்புக்கு நேர்ந்த பெரும் இழப்பு என்றே கூற வேண்டும்.

உள்நாட்டில் பணம் பெரும்பாலும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வருகிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்ற அளவுகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு விதிக்கிறது. அந்தப் பணிகளைப் பட்டியலிடும் 7ஆம் அட்டவணையில் சூழல் சமநிலையும் தாவர, விலங்கினப் பாதுகாப்பும் இடம்பெற்றுள்ளன. இந்த நிதியைப் பெற விரும்பும் அமைப்பு, சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தின் மூலம் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்திடம் பதிவுசெய்திருக்க வேண்டும். அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. நிறுவனங்கள் தங்கள் ஆலையும் அலுவலகமும் இருக்கும் வட்டாரத்திற்கே முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஆலைகள் நிறைந்த மாவட்டத்தின் ஏரிக்குக் கிடைக்கும் பணம், ஆலையே இல்லாத மலைக்காட்டுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

வெளிநாட்டுச் சிறுநல்கைகளின் இயல்பு வேறு. பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை, தொடக்க நிலையில் உள்ள இளம் பாதுகாவலர்களுக்குச் சில ஆயிரம் பவுண்டு என்ற அளவில் உதவி, முதல் பணியை நன்றாக முடித்தவர்களை அடுத்த கட்ட நல்கைக்கு விண்ணப்பிக்க வைக்கிறது. அபுதாபியைச் சேர்ந்த முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதியம், அழிவின் விளிம்பில் உள்ள தனித்தனி உயிரினங்களுக்காக ஒரு திட்டத்திற்கு 25,000 டாலர் வரை வழங்குகிறது. 1992இல் தொடங்கப்பட்ட உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் சிறுநல்கைத் திட்டம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே, ஊர் அமைப்புகளுக்கு வழக்கமாக 50,000 டாலர் வரை கொடுத்துவந்துள்ளது. ஒன்று உயிரினத்தைப் பார்க்கிறது, ஒன்று ஆளைப் பார்க்கிறது, இன்னொன்று ஊரைப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரே விண்ணப்பத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்புவது, சிறு அமைப்புகள் செய்யும் பிழைகளில் மிகவும் பொதுவானது.

விண்ணப்பத்தின் நெஞ்சு, சிக்கல் இன்னது என்று எடுத்துரைக்கும் பகுதியில் இருக்கிறது. அதை விளக்க, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவழக்கில் அழைக்கப்படும் பாறு, இறந்த விலங்கின் உடலை உண்டு காட்டையும் ஊரையும் தூய்மையாக வைத்திருக்கும் பறவை. இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த இப்பறவைகளுள் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கணக்கெடுப்புகள் காட்டின. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் போடப்பட்ட டைக்குளோபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்து, அதை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததே காரணம் என்பதை 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. கால்நடைகளுக்கான டைக்குளோபினாக்கை இந்தியா 2006இல் தடைசெய்தது; மனிதர்களுக்கான மருந்து பெரிய குப்பிகளில் விற்கப்பட்டு மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015இல் அந்தக் குப்பிகளின் அளவு ஒரு வேளைக்கு உரியதாகச் சுருக்கப்பட்டது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரு மருந்துகளும் 2023இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன.

இப்போது மாயாற்றுப் பகுதியில் பணிபுரியும் சிறு அமைப்பு ஒன்று விண்ணப்பம் எழுதுவதாகக் கொள்வோம். ‘பாறுகள் அழிந்துவருகின்றன, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, ஆகவே விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்படும்’ என்று எழுதினால், அது உண்மையாக இருந்தாலும் பயனற்றது. மருந்து ஆலையிலிருந்து மருந்துக்கடைக்கும், அங்கிருந்து கால்நடை மருத்துவருக்கோ முறையாகப் படிக்காமல் ஊசிபோடுபவருக்கோ, பின்னர் மாட்டுக்கும், மாடு செத்தபின் பாறுக்கும் செல்லும் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை, எந்த ஊர்களில், எத்தனை மாதங்களில், எவ்வளவு பணத்தில் இந்த அமைப்பால் அறுக்க முடியும் என்பதே நிதி தருபவர் அறிய விரும்புவது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், கோபத்தில் அந்த உடலில் நஞ்சு வைக்கப்படுவதும், அதை உண்ட பாறுகள் கூட்டமாக இறப்பதும் வேறொரு சங்கிலி. இறந்த கால்நடைகளைப் புதைத்துவிடுவதால் உணவே கிடைக்காமல் போவது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆண்டில் சரிசெய்வதாக எழுதும் அமைப்பைவிட, மூன்றையும் அறிந்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தது என்றும் மற்ற இரண்டையும் யார் கவனிக்கிறார்கள் என்றும் சொல்லும் அமைப்பே நம்பிக்கை பெறுகிறது.

செயலுக்கும் பயனுக்கும் இடையிலான இந்தத் தொடர்பை எழுத்தில் வரிசைப்படுத்தும் முறைக்குத் தருக்கச் சட்டகம் என்று பெயர். 1969ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமைக்காக அது உருவாக்கப்பட்டது. இடுபொருள், செயல், உடனடி விளைவு, நீடித்த பயன் என்று படிப்படியாகச் செல்லும் அந்தக் கட்டங்களை நிரப்புவது சலிப்பூட்டும் வேலை என்று கருதுபவர்கள் உண்டு. ஆனால் இதைச் செய்தால் அது நடக்கும் என்ற ஒவ்வொரு கூற்றுக்கும் அடியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது என்பதையும், அந்த ஊகம் பொய்த்தால் திட்டம் முழுவதும் சரியும் என்பதையும் அந்தக் கட்டங்கள்தாம் காட்டிக்கொடுக்கின்றன. டைக்குளோபினாக்குக்கு மாற்றாகப் பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்ற மருந்து அந்த ஊரின் கடையில் கிடைக்குமா, விலை கட்டுப்படியாகுமா என்று விசாரிக்காமல் மருத்துவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தும் திட்டம், முதல் கட்டத்திலேயே ஓட்டைவிழுந்த திட்டம்.

அடுத்த சிக்கல் அளவிடுதல். பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஓராண்டுத் திட்டத்தில் பாறுகளின் எண்ணிக்கை கூடும் என்று வாக்களிப்பவர் அந்தப் பறவையை அறியாதவர் என்று, துறையறிந்த மதிப்பீட்டாளர் உடனே முடிவுகட்டுவார். அதற்கு மாறாக, வாடிக்கையாளரைப் போல மருந்துக்கடைகளுக்குச் சென்று மாட்டுக்கு வலிமருந்து கேட்டு, எத்தனை கடைகளில் தடைசெய்யப்பட்ட மருந்து எடுத்துத் தரப்படுகிறது என்று தொடக்கத்திலும் இறுதியிலும் பதிவுசெய்யும் முறையை ஆய்வாளர்கள் இந்தியாவில் ஏற்கெனவே கையாண்டுள்ளனர். ஓராண்டில் மாறக்கூடிய அளவுகோல் அது. தொடக்கத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று காட்டும் இந்த முதல் கணக்குக்குத் தொடக்கநிலைத் தரவு என்று பெயர். விண்ணப்பிக்கும் முன்பே அமைப்பு தன் சொந்தச் செலவில் அதைத் திரட்டி வைத்திருந்தால், விண்ணப்பத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது.

கடலாமைப் பணி இன்னொரு பாடத்தைத் தருகிறது. சென்னைக் கடற்கரையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் முட்டையிடும் பருவத்தில் இரவில் நடந்து, மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைகளுக்குமேல் இருப்பது இயல்பு என்பதால், பருவ முடிவில் கிடைக்கும் எண்ணிக்கை பெரியதாகவும் அறிக்கைக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் 2025 ஜனவரியில் அதே கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான வளர்ந்த ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத்திணறுவதே இத்தகைய இறப்புகளுக்குப் பெருங்காரணம் என்று கூறப்படுகிறது. இனப்பெருக்கத்திற்கு வந்த தாய் ஆமை கடலிலேயே இறந்துகொண்டிருக்கும்போது, கரையில் காத்த முட்டைகளின் எண்ணிக்கை அந்த இனத்தின் நிலையைச் சொல்லாது. பொரிப்பிடப் பணி தேவையற்றது என்பது இதன் பொருளன்று. செய்த வேலையின் அளவையும் உயிரினத்திற்குக் கிடைத்த பயனின் அளவையும் விண்ணப்பத்தில் தனித்தனியே எழுதும் நேர்மை தேவை என்பதே கருத்து. இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்கள் தங்கள் பயனைச் சான்றுகளுடன் மதிப்பிடத் தவறுகின்றன என்று பால் ஃபெராரோ, சுப்ரேந்து பட்டநாயக் ஆகிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டிலேயே வலுவாக வாதிட்டனர். அந்த விமரிசனத்தின் தாக்கத்தைப் பின்னர் வந்த விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் காணலாம்.

எண்ணத்தக்கது எளிதில் விற்பனையாகும் என்ற நிலை, அமைப்புகளைத் தடம்மாறவும் வைக்கிறது. மரக்கன்று நடுதல் அதற்குச் சிறந்த சான்று. ஓர் இலட்சம் கன்றுகள் என்ற எண்ணை எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் அச்சிடலாம்; புல்வெளியைப் புல்வெளியாகவே காத்ததை அவ்வாறு அச்சிடுவது கடினம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு இடையே விரிந்திருந்த இயற்கைப் புல்வெளிகள், மரமற்ற தரிசாகக் கருதப்பட்டு, சீகை, கற்பூரமரம் போன்ற அயல் மரங்களால் நிரப்பப்பட்டதன் கேட்டை அந்த மலைகள் இன்றும் அனுபவிக்கின்றன. புல்வெளியை அறிந்த அமைப்பு ஒன்று, பணம் இருக்கிறது என்பதற்காக அங்கே மரம் நட ஒப்புக்கொண்டால், அது தன் பெயரிலேயே தன் நோக்கத்தை அழிக்கிறது. அத்தகைய நல்கையை மறுப்பதே சரி. மறுக்கும்போது, அந்த நிலத்துக்கு எது தேவை என்பதை விளக்கி ஒரு மாற்றுத் திட்டத்தை அனுப்புவது அதைவிடச் சரி.

பட்ஜெட் என்னும் வரவுசெலவு மதிப்பீடு, பெரும்பாலான விண்ணப்பங்களில் இறுதி நாளின் நள்ளிரவில் எழுதப்படுகிறது. மதிப்பீட்டாளர்களோ அதையே முதலில் படிக்கிறார்கள். செயல்பாட்டுப் பகுதியில் நாற்பது ஊர்கள் என்றும், செலவுப் பகுதியில் பத்து ஊர்களுக்கான பேருந்துக் கட்டணமும் இருந்தால், எழுதியவர் களத்தை மனத்தில் நடந்து பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஊதியம், பயணம், கருவி, கூட்டச் செலவு, தணிக்கைக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் எந்தச் செயலுக்கு உரியது என்று கோத்துக் காட்டப்பட வேண்டும். பவுண்டிலோ டாலரிலோ தவணையாக வரும் பணத்தில் செலாவணி மாற்றத்தால் ஏற்படும் வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது என்பதையும், ஊரார் தரும் இடம், உழைப்பு, உணவு ஆகியவற்றின் மதிப்பையும் குறிப்பிடுவது நல்லது. அந்தப் பங்களிப்பு, பணி ஊரில் வேரூன்றியதற்கான சான்றாகவும் அமைகிறது.

இந்த இடத்தில் கொடையாளர்களிடமும் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு. அலுவலக வாடகை, கணக்காளர் ஊதியம், மின்கட்டணம், காப்பீடு முதலியவை நிர்வாகச் செலவு எனப்படுகின்றன. எஃப்.சி.ஆர்.ஏ. நிதியில் இதற்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக 2020இல் குறைக்கப்பட்டது. பல உள்நாட்டு நிறுவனங்கள் அதைவிடவும் குறைவாகவே தருகின்றன. திட்டச் செலவுக்கு மட்டும் பணம் என்ற நிலையில், கணக்காளருக்குக் கொடுக்க வழியற்ற அமைப்பு கணக்கில் தடுமாற, தடுமாறிய கணக்கைக் காட்டியே அடுத்த நல்கை மறுக்கப்படுகிறது. தொண்டு நிறுவனங்களைப் பட்டினிபோடும் இந்தச் சுழற்சியை 2009ஆம் ஆண்டு அமெரிக்க இதழொன்றில் ஆன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் விரிவாக எடுத்துக்காட்டினர். இரவு முழுதும் பாறுக்கூட்டைக் காவல் காக்கும் இளைஞருக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவுக்குத் தலைப்பு இல்லாத பட்ஜெட், சிக்கனமான பட்ஜெட் ஆகாது. அது அநியாயமான பட்ஜெட். அமைப்புகள் இச்செலவுகளை மறைத்து வேறு தலைப்புகளில் திணிப்பதைவிட, வெளிப்படையாக எழுதிக் கேட்பதே முறை. களத் தரவு திரட்டுவோரின் ஊதியம் எந்தத் தலைப்பில் வரும் என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதும் தேவை.

அனுமதிகளையும் மறக்கலாகாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்கீழ், சரணாலயத்துக்குள் நுழைவதற்கும், பட்டியலிடப்பட்ட விலங்குகளைக் கையாள்வதற்கும், ஆமைப் பொரிப்பிடம் அமைப்பதற்கும் வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். அது கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், பன்னிரண்டு மாதத் திட்டத்தில் அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே நாட்காட்டி வகுக்க வேண்டும். வனத்துறையின் கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடுவதும் இல்லை. மாயாற்றுப் பகுதியில் இருளரும் குறும்பரும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். வன உரிமைச் சட்டம், 2006 அவர்களுடைய கிராம சபைக்குக் காட்டைப் பேணும் அதிகாரத்தையே அளித்திருக்கிறது. அவர்களிடம் கேட்காமல் அவர்கள் ஊரைப் பற்றி எழுதப்படும் விண்ணப்பம், பணம் பெற்றாலும் களத்தில் தோற்கும்.

மக்களோடு சேர்ந்து செய்த பணிக்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்பதை அசாமிய உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் காட்டியிருக்கிறார். அருவருப்பான, கெட்ட சகுனமான பறவை என்று ஊரார் ஒதுக்கிய ஹர்கிலா என்ற பெருநாரைக்காக, அது கூடுகட்டும் மரங்களைக் கொண்ட வீட்டுப் பெண்களைத் திரட்டி, அந்தப் பறவைக்கு வளைகாப்பு போன்ற சடங்கையே நடத்தினார். பெருஞ்செலவு எதுவும் கேட்காத அந்தச் செயலின் பயன், ஊர்தோறும் ஆண்டுதோறும் எண்ணப்பட்ட கூடுகளில் தெரிந்தது. அவருக்கு 2017இல் விட்லி விருதும், 2024இல் விட்லி தங்க விருதும் கிடைத்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனமாக இருந்த அந்த நாரை, 2023இல் அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்ற மேம்பட்ட நிலைக்கு மாற்றப்பட்டது.

பணம் வந்தபின் எழுதப்படும் அறிக்கையே அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கம். தோல்வியை மறைத்து எழுதும் வழக்கம் பரவலாக இருப்பினும், ‘ஆறு ஊர்களில் முயன்றோம், இரண்டில் வெற்றிபெறவில்லை, காரணம் இது’ என்று எழுதும் அமைப்பைத் தேர்ந்த கொடையாளர்கள் மதிக்கிறார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், காரணத்தைக் கேட்டுக் கடிதம் எழுதுவதில் தவறில்லை. எல்லாருக்கும் பதில் வராது. வரும் பதிலோ, கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காத பாடம்.

எஞ்சியிருக்கும் பெரிய தடை மொழி. உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் சிறுநல்கைத் திட்டம் போன்ற சில இடங்களில் உள்ளூர் மொழியிலும், காணொளியாகக்கூடவும் விண்ணப்பிக்க இடமுண்டு என்றாலும், பெரும்பாலான படிவங்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆமை எந்த நிலவில் எந்தக் கரையேறும் என்று அறிந்த மீனவரும், பாறு எந்த நீர்மருத மரத்தில் கூடுகட்டும் என்று அறிந்த இருளரும் தாங்கள் அறிந்ததை ஆங்கிலத்தில் எழுத முடியாததால், ஒருமுறைகூட அந்த மரத்தைப் பார்த்திராதவர் எழுதிய படிவம் வென்றுவிடுகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ இப்படிப்பட்ட ஓர் அமைப்பாவது இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பொறுப்பாளர்களுக்குப் பணம் கொடுக்க இயலாதவர்களும், கணக்கு எழுதத் தெரிந்தால் கணக்கையும், ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் ஆங்கிலத்தையும் ஆண்டுக்குச் சில மாலைப்பொழுதுகள் கொடுக்க இயலும். வங்கியிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பணிசெய்து ஓய்வுபெற்ற வாசகர்கள் அந்த அமைப்பின் வாசலைத் தட்டி, தங்களால் ஆவது என்ன என்று கேட்க வேண்டும்.